புடவைக்கடையும் பஞ்சாங்கமும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)





இம்மேடையில் வழக்கமாகப் பேசுவோர் கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்கள். நானோ மிஷன் பாடசாலை ஒன்றிலே படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்கும் ஒரு மாணவன். என்ன பொருள்பற்றிப் பேசப் போகிறாய் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, "சிறிய புடவைக்கடையில் பண்டிகைச் சரக்கை நிருவகிக்கும் முறை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, சங்கத்திலே சேலை விற்கப் போகிறீரோ?" என்று கேட்டார்.

சிரிப்புக்கு இடமான பொருள்தான். ஆயினும், தீபாவளிக்குப் புத்தாடை வாங்காத வீடு நம் ஊரில் இல்லை. அப்புத்தாடையை விற்றவர் வீட்டில், தீபாவளிக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. அந்த மறுநாளைப்பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். பிழையிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

எங்கள் குடும்பம் சுன்னாகம் சந்தையை அண்டிய ஒரு சிறிய புடவைக்கடையாற் பிழைக்கும் குடும்பம். கடையின் முகப்புப் பன்னிரண்டு அடி. தகப்பனாரும் ஓர் உதவியாளரும் நிற்பார்கள். பண்டிகைக் காலத்தில் தாயாரும் நானும் சேர்ந்து நிற்போம். இன்று நான் சொல்லப்போகும் கதைக்குத் தகப்பனாரின் அனுமதியைப் பெற்றிருக்கிறேன். "சொல், ஒருவனுக்காவது உதவட்டும்" என்றார். அவர் இதோ கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டு அது. அதற்கு முந்திய தீபாவளியில் விற்பனை நன்றாக இருந்தது. கேட்ட உருப்படி முடிந்துவிட்டதென்று பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களின் முகங்கள் தகப்பனாரின் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே, அந்த ஆண்டு கொழும்பு புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போனவர், வழக்கத்திலும் ஒன்றரை மடங்கு வாங்கினார். மொத்த வியாபாரி நெடுநாட் பழக்கமானவர். கைக்காசாகக் காற்பங்கு கொடுத்து, மிகுதிக்குப் பின்திகதியிட்ட காசோலைகள் மூன்று எழுதினார். முதற் காசோலையின் திகதி தீபாவளிக்கு அடுத்த வாரம்.

தீபாவளிக்கு முந்திய ஒன்பது நாளில் ஆறு நாள் மழை பெய்தது. எங்கள் கடையின் ஆண்டு விற்பனையில் நாலிலொரு பங்கு அந்த ஒன்பது நாளிலேதான் நடப்பது. தீபாவளிக்கு முதல்நாள் இரவு கடையைப் பூட்டும்போது, பண்டிகைக்கென்று கொண்டுவந்த சரக்கில் ஏறக்குறையப் பாதி அலுமாரியில் இருந்தது. வங்கியில் முதற் காசோலைக்கே பணம் இல்லை. காசோலை திரும்பினால் புறக்கோட்டையில் பெயர் கெடும். அதன்பின் ஒரு முழத் துணியும் கடனாகக் கிடையாது. தாயார் ஒன்றும் பேசாமல் இரண்டு சோடிக் காப்பையும் கழற்றி என் கையிலே தந்தார். "தம்பி, காப்புத் திரும்பி வரும்; கடைப்பேர் போனால் திரும்பி வராது. கொண்டுபோய் அடைவு வைத்துவிட்டு வா" என்றார்.

காசோலைகள் மூன்றும் திரும்பாமல் தப்பின. காப்புகள் வீடு வந்துசேர ஓராண்டும் நான்கு மாதமும் சென்றன.

மழைதான் கெடுத்தது என்று அயலார் ஆறுதல் கூறினார்கள். நாங்களும் சில நாள் அப்படியே சொல்லிக்கொண்டோம். ஆனால், அன்பர்களே, ஐப்பசியில் மழை பெய்வது யாழ்ப்பாணத்துக்குப் புதுமையா? நம் குடாநாட்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலேதான் பெய்கிறது. எதிர்பார்க்க வேண்டிய ஒன்றை எதிர்பாராமல் சரக்கெடுத்தோமென்றால், பிழை கணக்கிலே இருந்தது. அந்தக் கணக்கைத் தேடத் தொடங்கினேன். அது இரண்டு இடங்களிற் கிடைத்தது. ஒன்று பல்கலைக்கழக நூலகம். மற்றது எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி.

முதலில் தகரப்பெட்டியைச் சொல்கிறேன். எங்கள் கடையைத் தொடங்கியவர் பேரனார். அவர் ஒவ்வோராண்டும் பஞ்சாங்கத்தின் ஓரத்தில், பண்டிகை முடிந்ததும் பென்சிலால் ஒரு வரி எழுதிவைப்பார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவற்றுட் பல போய்விட்டன. ஏழு மட்டும் எஞ்சின. "மழை. வேட்டி போதவில்லை. சீத்தை மிச்சம்." இவ்வளவுதான் ஒரு குறிப்பு. ஆனால் அந்த மூன்று சொற்றொடரிலே காலம், குறைவு, மிகுதி என்னும் மூன்றும் அடங்கியிருக்கின்றன. பண்டிகைச் சரக்கைப்பற்றி ஒரு கடைக்காரன் எழுதிவைக்க வேண்டியவை இம்மூன்றுந்தாம்.

பேரனார் ஏன் பஞ்சாங்கத்தில் எழுதினார், கணக்குப் புத்தகத்தில் ஏன் எழுதவில்லை என்று எண்ணிப்பார்த்தேன். நமது பண்டிகைகளிற் பல சந்திரனைப் பின்பற்றுவன. சந்திர மாதங்கள் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டோ 365 நாள். ஆகவே தீபாவளி ஆண்டுதோறும் ஏறக்குறையப் பதினொரு நாள் முன்னே வரும். ஐப்பசி பிறப்பதற்கு முன்னே போகவேண்டிய நிலை வந்தால், ஒரு சந்திர மாதம் பின்தள்ளி வரும். 2023 இல் நவம்பர் 12, 2024 இல் ஒக்டோபர் 31, 2025 இல் ஒக்டோபர் 20 என்று முன்னே வந்த தீபாவளி, 2026 இல் நவம்பர் 8 என்று பின்னே போகிறது. சென்ற ஆண்டு இதே திகதியில் எவ்வளவு விற்றோம் என்று ஆங்கிலக் கலண்டரைப் பார்த்துச் சரக்கெடுக்கும் கடைக்காரன் ஏமாறுவது இதனாலேதான்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவமும் இவ்வாறே நகர்கிறது. இருபத்தைந்து நாள் நடைபெறும் இவ்விழாவின் கொடியேற்றம் 2023 இல் ஓகஸ்ட் 21, 2024 இல் ஓகஸ்ட் 9, 2025 இல் யூலை 29. இருபத்தைந்தாம் நாள் தீர்த்தம். இப்பொழுது ஒரு சிறிய கணக்குச் செய்யுங்கள். தீர்த்தத்திலிருந்து தீபாவளி வரை எத்தனை நாள்? 2023 இல் செப்ரெம்பர் 14 முதல் நவம்பர் 12 வரை 59 நாள். 2024 இல் செப்ரெம்பர் 2 முதல் ஒக்டோபர் 31 வரை 59 நாள். 2025 இல் ஓகஸ்ட் 22 முதல் ஒக்டோபர் 20 வரை, அதுவும் 59 நாள். இரண்டு பண்டிகைகளும் ஒரே சந்திரனைப் பிடித்துக்கொண்டு நகர்வதால், திகதிகள் மாறினாலும் இடைவெளி மாறவில்லை. ஒரு புடவைக்கடைக்காரனுக்கு இதைவிட உறுதியான ஆதாரம் வேறென்ன வேண்டும்?

தைப்பொங்கலோ சூரியனைப் பின்பற்றுவது. அது சனவரி 14 அல்லது 15 ஆம் திகதியை விட்டு அசையாது. ஆகவே தீபாவளியிலிருந்து பொங்கல் வரையுள்ள இடைவெளி ஆண்டுதோறும் மாறுபடும். 2023 தீபாவளியின் பின் 64 நாள். 2024 தீபாவளியின் பின் 75 நாள். 2025 தீபாவளியின் பின் 87 நாள். இந்நாட்களின் பொருள் என்ன? தீபாவளியில் மிஞ்சிய சரக்கு, அடுத்த தமிழ்ப் பண்டிகை வரும்வரை, மழைக்காலத்திலே, அலுமாரியில் தூங்கவேண்டிய நாட்கள் அவை. இடையிலே நத்தார் வருவது ஒரு துணை. எனினும், தீபாவளி முந்தி வரும் ஆண்டில் மிச்சச் சரக்கு நீண்டகாலம் தூங்கும்; ஆதலால் அந்த ஆண்டிலே கையைச் சுருக்கி வாங்கவேண்டும். இதைச் சொல்லித்தரப் பஞ்சாங்கம் ஒன்று போதும்.

நிற்க. இனி நூலகத்திற் கிடைத்த கணக்குக்கு வருகிறேன். அதற்குப் பத்திரிகை விற்பவன் கணக்கு என்று பெயர். காலையிலே பத்திரிகை வாங்கும் பையன், அதிகம் வாங்கினால் மாலையில் அது வெறுங்கடதாசி. குறைய வாங்கினால் கேட்டவருக்குக் கொடுக்க இல்லை. எத்தனை வாங்குவது? இதே வகையான கேள்வியை வங்கிகளின் கையிருப்புப் பற்றி எட்ஜ்வர்த் என்னும் பொருளியலறிஞர் 1888 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். தீபாவளிச் சரக்கும் இத்தகையதே. பண்டிகை முடிந்த மறுநாள் அதன் விலை விழுந்துவிடுகிறது.

விளக்கத்துக்காக இரண்டு உருப்படிகளை எடுத்துக்கொள்வோம். தொகைகள் எண்ணுவதற்கு இலகுவாக நான் வைத்துக்கொண்டவை.

முதலாவது, இந்த ஆண்டு மோஸ்தரிலே தைத்த பெண்பிள்ளைச் சட்டை. கொள்விலை 2,500 ரூபா. விற்பனை விலை 3,500 ரூபா. பண்டிகை தப்பிவிட்டால் அடுத்த ஆண்டு மோஸ்தர் மாறிவிடும். 1,000 ரூபாவுக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். இச்சட்டை இல்லையென்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் நமக்கு இழப்பு 1,000 ரூபா இலாபம். ஒன்று மிஞ்சினால் இழப்பு 1,500 ரூபா முதல்.

இரண்டாவது, வெள்ளை வேட்டி. கொள்விலை 1,500 ரூபா; விற்பனை விலை 1,950 ரூபா. இல்லையென்று சொன்னால் இழப்பு 450 ரூபா. மிஞ்சினாலோ, பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் கோவிலுக்கும் அதே விலைக்கு விற்கும். வட்டிக்கும் மடிப்புக்கும் 75 ரூபா கழித்தாற் போதும்.

கணக்கு என்ன சொல்கிறதென்றால், இல்லையென்று சொல்வதால் வரும் இழப்பை இரண்டு இழப்புகளின் கூட்டுத்தொகையாற் பிரிக்கவேண்டும். வேட்டிக்கு 450 ஐ 525 ஆற் பிரித்தால் ஏழில் ஆறு. அதாவது ஏழு தீபாவளிகளில் ஆறிலே தட்டுப்பாடு இல்லாமல், ஒன்றிலே மட்டும் "முடிந்துவிட்டது" என்று சொல்லும் அளவுக்கு நிறைய வாங்கலாம். சட்டைக்கு 1,000 ஐ 2,500 ஆற் பிரித்தால் ஐந்தில் இரண்டு. அதாவது ஐந்து தீபாவளிகளில் மூன்றிலே "முடிந்துவிட்டது, தங்கச்சி" என்று சொல்லக்கூடியவாறு குறையத்தான் வாங்கவேண்டும்.

இதைத் தகப்பனாருக்கு விளக்கிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெறுங்கையோடு திரும்பிய முகங்களைக் கண்டு அவர் வருந்தினார் அல்லவா? அம்முகங்கள் கடை வாசலிலே கண்ணுக்குத் தெரிந்தன. மிஞ்சப்போகும் சட்டைகள் அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்த இழப்பை எண்ணினார். தெரியாத இழப்பை எண்ணவில்லை. மோஸ்தர்ச் சட்டையில் சிலரைத் திருப்பி அனுப்புவதுதான் சரியான வியாபாரம் என்று நான் சொன்னபோது, அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படியென்றால் அந்த முந்திய ஆண்டு நான் சரியாகத்தான் வாங்கியிருக்கிறேன்" என்றார். ஆம், அவர் வெற்றி பெற்ற ஆண்டைத் தோல்வியென்று எண்ணியதே எங்கள் வீட்டுத் துன்பத்துக்குக் காரணம்.

ஆயினும், எங்கள் தந்தைமாரை நான் குறைசொல்ல வரவில்லை. அவர்களுடைய கை பெரிய கையாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, குடாநாட்டுக்குச் சரக்குகள் பெரும்பாலும் கடல் வழியாகவே வந்தன. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று எவருக்கும் தெரியாது. அக்காலத்தில் அலுமாரியை நிரப்பி வைத்தவனே வியாபாரி. 2009 இல் போர் முடிந்தபின் வீதி திறந்தது. இன்று மாலையில் தொலைபேசியிற் படம் பார்த்துச் சொன்னால், இரவு புறப்படும் வண்டியில் ஏறி, ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் கடந்து, மறுநாட் காலையிலே பொதி வந்துவிடுகிறது. வழி திறந்துவிட்டது, எங்கள் கை இன்னும் அடைபட்ட காலத்து அளவிலேயே வாங்குகிறது.

உலகத்தில் பெரிய உடுப்பு வியாபாரம் செய்வோரும் இதைத்தான் கண்டுகொண்டார்கள். ஸ்பெயின் நாட்டின் லா கொறூனா நகரத்திலே 1975 இல் ஒரு கடையாகத் தொடங்கிய ஸாரா நிறுவனம், முதலிற் கொஞ்சமாகத் தைத்துக் கடைக்கு அனுப்பும். எது விற்கிறதென்று பார்த்து, வாரத்தில் இரண்டு முறை மேலும் அனுப்பும். பருவம் முழுவதற்கும் வேண்டியதை முன்கூட்டியே குவித்து வைப்பதில்லை. பன்னிரண்டடிக் கடைக்கு ஸாராவின் செல்வம் இல்லை. ஆனால், முதலிற் கொஞ்சம், பின்பு பார்த்து மிகுதி என்னும் ஒழுங்குக்குச் செல்வம் தேவையில்லை. தொலைபேசியும் நிதானமும் போதும்.

இன்னுமொரு மயக்கத்தையும் இங்கே தெளிவாக்க வேண்டும். 2022 இல் ஒரு டொலரின் விலை மார்ச் மாத முற்பகுதியில் 200 ரூபாவை அண்டியிருந்து, மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. அப்போது பழைய சரக்கு வைத்திருந்த கடைக்காரர் பலர், தாங்கள் ஆதாயம் அடைந்ததாக எண்ணினார்கள். 2,000 ரூபாச் சேலையை 2,800 ரூபாவுக்கு விற்றார்கள். அதே சேலையை மறுபடி வாங்கப் போனபோது கொள்விலையே 3,500 ரூபா என்றால், அந்த 800 ரூபா இலாபமா? அன்று, அது முதலிலிருந்து கரைந்த பகுதி. அதே ஆண்டு ஏப்பிரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. தூங்கும் சரக்குக்கும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. சரக்குக் குவித்தால் விலையேற்றம் காப்பாற்றும் என்று நம்பியிருப்பது வியாபாரம் ஆகாது.

இனி, ஆண்டின் பருவங்களை நம் ஊருக்கு ஏற்றபடி பார்ப்போம். தமிழ்நாட்டிலே ஆடி மாதம் விற்பனை குறைந்த மாதம். அதனாலேயே அங்கு ஆடித்தள்ளுபடி பிறந்தது. அதைப் பார்த்து நம்மவரும் ஆடியில் தள்ளுபடி போடுவது சரியன்று. ஆடியிற் கலியாணம் இல்லையென்பது இங்கும் உண்மையே. ஆனால் அக்காலத்திலேதான் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளி விடுமுறை. நம் உறவினர் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறார்கள். நல்லூர்க் கோவிலுக்குள் ஆண்கள் மேலாடையின்றியே செல்லவேண்டும். ஆகவே வேட்டியும் சால்வையும், சிறுமியருக்குப் பாவாடை சட்டையும் விற்கும். விற்கின்ற காலத்திலே விலையைக் குறைப்பானேன்?

தை மாசியில் நெல் அறுவடைப் பணம் புழங்கும். வைகாசி, ஆனியிலே கலியாணங்கள் வரும். பள்ளிச் சீருடையோ தனிக்கதை. 1993 முதல் அரசாங்கம் மாணவருக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கி வருகிறது. சில ஆண்டுகளில் துணியாகவே கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் வவுச்சராகக் கொடுத்தார்கள். வவுச்சர் கொடுத்த ஆண்டில் நம் கடைக்கு வெள்ளைத்துணி வியாபாரம் உண்டு. துணியாகக் கொடுத்த ஆண்டில் இல்லை. 2025 ஆம் ஆண்டுக்குரிய துணி முழுவதும் சீனாவின் நன்கொடையாக வந்தது. இச்செய்தியைப் பத்திரிகையிலே பாராமல், முந்திய ஆண்டுக் கணக்கைப் பார்த்து வெள்ளைத்துணி வாங்கியவன் என்ன ஆவான்? கடைக்காரனுக்குப் பத்திரிகை படிப்பதும் தொழிலின் ஒரு பகுதியே.

மிஞ்சிய சரக்கைப் பேணுவதைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி முதல் காற்றில் ஈரம் மிகும். சுவரோடு ஒட்டி அடுக்கிய துணியிற் பூஞ்சணம் பிடிக்கும். மடிப்பிலே வெள்ளை மஞ்சளாகும். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் இடைவெளி விடவேண்டும். அடித்தட்டு நிலத்திலிருந்து ஓரடி உயர்ந்திருத்தல் நல்லது. மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றி மடிக்கவேண்டும். மாசி பிறந்து வெயில் வந்ததும் காற்றாட விரிக்கவேண்டும்; நிறத்துணியை நிழலிலேதான் விரிக்கலாம். இவை தாயார் செய்யும் வேலைகள். கணக்குப் புத்தகத்தில் இவ்வேலைக்குச் சம்பளம் எழுதப்படுவதில்லை. எழுதினால் தூங்கும் சரக்கின் உண்மையான செலவு தெரியவரும்.

இவையெல்லாவற்றையும் சேர்த்து, நாங்கள் இப்பொழுது கைக்கொள்ளும் ஒழுங்கைச் சொல்கிறேன். அதை வீட்டிலே ஐம்பத்தொன்பது நாள் ஒழுங்கு என்று அழைப்போம்.

தீர்த்தத்துக்கு மறுநாள் கடையிலுள்ள ஒவ்வோர் உருப்படியையும் எண்ணுவோம். விலைச்சீட்டின் மூலையிற் கொள்விலையை மறைமொழியில் எழுதுவது பழைய வழக்கம். அதன் பக்கத்திலே சரக்கு வந்த மாதத்தையும் எழுதுகிறோம். ஓராண்டு கடந்த உருப்படி தனியே ஒரு தட்டுக்குப் போகும். அந்தத் தட்டு நிறைந்திருந்தால் புதுச்சரக்குக்குரிய தொகை சுருங்கும். இருபதாம் நாளுக்குள் முதல் வாங்கல். திட்டத்திற் பாதி மட்டும். அதில் வேட்டியும் சால்வையும் தைக்கும் துணியும் முதலிடம் பெறும். ஏனெனில் தையற்காரர் தீபாவளிக்குப் பத்து நாளுக்கு முன்னரே புதுவேலை ஏற்க மறுத்துவிடுவார். நாற்பதாம் நாள் இரண்டாம் வாங்கல். எது போயிற்று, எது நின்றது என்று பார்த்து வாங்குவது. கடைசிப் பத்து நாளிற் புதிய மோஸ்தர் ஒன்றும் எடுப்பதில்லை. குறைந்த அளவுகளை மட்டும் தொலைபேசியிற் சொல்லி நிரப்புவோம். நடுத்தர அளவுகள்தாம் முதலில் முடியும். மிகச் சிறியதும் மிகப் பெரியதுமே மிஞ்சும் என்பதை அலுமாரி எங்களுக்குக் கற்பித்திருக்கிறது.

தீபாவளி முடிந்த வாரமே, மிஞ்சிய மோஸ்தர்ச் சரக்கின் விலையைக் குறைத்துவிடுவோம். தை வரை பார்ப்போம் என்று காத்திருப்பதில்லை. கார்த்திகையில் நூற்றுக்கு இருபது குறைத்து விற்கக்கூடியதை, மாசியில் நூற்றுக்கு அறுபது குறைத்தும் விற்க முடியாது. பின்திகதியிட்ட காசோலைகளின் கூட்டுத்தொகை, மழை பெய்தாலும் விற்கும் என்று நம்பத்தக்க தொகைக்கு மேற் போகாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். இதை இயற்றியவர் தாயார்.

இந்த ஒழுங்கினால் நாங்கள் செல்வந்தராகிவிடவில்லை. அதிகம் வாங்கிய அந்த ஆண்டில் தீபாவளிச் சரக்கிற் பாதி மிஞ்சியது. சென்ற தீபாவளியில் ஏழிலொரு பங்கு மிஞ்சியது. "முடிந்துவிட்டது" என்று பலருக்குச் சொன்னோம். இரண்டொருவர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். காசோலை எழுதிய இரவுகளிலே தகப்பனார் நித்திரை கொண்டார். எங்களுக்கு அது போதும்.

அன்பர்களே, முடிக்குமுன் இச்சபையிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று பெரியோருக்கு. கடைக்காரனின் கடன் கொப்பியில் நிற்கும் பணமும் தூங்கும் சரக்கே. பொங்கலுக்கு எடுத்த சேலைக்குச் சித்திரையிலே காசு கொடுப்பது நம்மிற் பலருக்கு வழக்கம். நல்லூர்த் தீர்த்தத்துக்கு முன் பழைய கடனைத் தீர்த்துவிட்டால், அந்தப் பணத்திலேயே கடைக்காரன் கைக்காசுக்குச் சரக்கெடுப்பான். அவன் வீட்டுக் காப்பு அடைவுகடை ஏறாது.

மற்றது என் வயதொத்தவருக்கு. நம் சங்கத்திலே கணக்கியல் படித்தவர்கள் பலர் இருக்கிறோம். நம் சுற்றாடலிலே தனியொருவராய்க் கடை நடத்துவோர் பலர் இருக்கிறார்கள். எண்ணிப் பார்க்க அவர்களுக்கு நேரமும் துணையும் இல்லை. அடுத்த தீர்த்தத்துக்குப் பின்வரும் வாரத்திலே மூன்று மாலைப்பொழுதை ஒதுக்கி, விரும்பிய கடைகளுக்கு இருவர் இருவராகப் போய்ச் சரக்கெண்ணிக் கொடுப்போமா? கண்டதை வெளியே சொல்லாமை நமது முதல் விதியாக இருக்கட்டும். பெயர்ப் பட்டியலைச் செயலாளர் தயாரித்தால், முதற் பெயராக என்னுடையதை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். சேலை விற்க வரவில்லை என்பதை அப்போது அவரும் ஒப்புக்கொள்வார்.

தகரப்பெட்டியில் இருந்த பேரனாரின் பஞ்சாங்கங்கள் ஏழும் இப்பொழுது கடை மேசையின் இழுப்பறையில் இருக்கின்றன. சென்ற தீபாவளிக்கு மறுநாள் தகப்பனார் புதுப் பஞ்சாங்கத்தை எடுத்து, பென்சிலைக் கூராக்கி, அதன் ஓரத்தில் ஒரு வரி எழுதினார். "நாலு நாள் மழை. வேட்டி போதும். சட்டை முடிந்தது, நல்லது." எழுதிவிட்டு என்னிடம் காட்டினார்.